விருந்தாளி குடிக்காத தண்ணீர்

அறுபத்து மூன்றாம் ஆண்டின் கோடைச் சிறுபோகத்தில் அக்கராயன் பக்கம் எறித்த வெயிலுக்கு ஆமைகள் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திரிந்தன. கண்டவர்கள் இருவர். ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் பொய் சொல்லமாட்டார்.

தாழ்வயல் வீரகத்தியின் நெல் அப்போது குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் வயிற்றுக்குள் இருக்கும்போது தண்ணீர் தப்பினால் எல்லாம் பதர்தான். குளமோ மேற்பக்கத்து ஊரான மேட்டூரில். அங்கே பரமலிங்கம் வைத்ததே சட்டம். அவர் குளத்து மதகின் துருசுப் பலகையை இறக்கித் தாழ்வயல் வாய்க்காலை அடைத்துவிட்டார். கேட்டால், "குளம் என்ரை ஊரிலையெல்லோ கிடக்கு" என்பார்.

வீரகத்தியின் சொல்லைக் கேட்டுத் தாழ்வயல் ஊர் பேச ஆள் அனுப்பியது. பரமலிங்கம் போனவர்களையெல்லாம் கதிரையில் இருத்தி, மான் இறைச்சிக் கறியோடு சோறு போட்டு அனுப்பினார். சோறு தின்ற வீட்டுக்கு எதிராக மண்வெட்டி தூக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பாதி ஊர் இப்படி வயிறு நிறைந்து தோற்றது. மீதிப் பாதியிலும் சிலர் தூது போக விருப்பம் தெரிவித்தார்கள்.

வீரகத்தியின் தங்கை மகன் செல்வநாயகம் பொறுமை இழந்தான்.

"அம்மான், இனி என்ன கதை? நாளைக்குக் குளக்கட்டை வெட்டுவம்."

"வெட்டினால் முழுக்குளமும் போயிடும். அவங்கள் சுடுறதுக்குத் துவக்கோடை நிப்பாங்கள்."

"நிக்கட்டும். பேப்பர் பாக்கிறேல்லையோ? பேச்சுவார்த்தை எண்டால் மற்றவன் துவக்குக்கு மருந்து இடிக்க நாங்கள் நேரம் குடுக்கிறது."

"நாளைக்குப் பொழுதுபடுமட்டும் பொறு. நான் போறன். பிறகு மறிக்கமாட்டன்."

மறுநாள் காலை வீரகத்தி மேட்டூருக்குப் போய்ப் பரமலிங்கம் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். பரமலிங்கத்தின் மனைவி அன்னபாக்கியம் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தா.

"வெய்யிலுக்கை வந்திருக்கிறியள் அண்ணை. குடியுங்கோ."

"வாய்க்காலிலை தண்ணி ஓடட்டும் தங்கச்சி. பிறகு குடிக்கிறன்."

"விடு, பசிச்சால் தின்பார்" என்றார் பரமலிங்கம்.

வீரகத்தி தின்னவில்லை. வீடு தேடி வந்தவன் பட்டினி இருக்கத் தாங்கள் சாப்பிடுவது அங்கே கொலைக்கு அடுத்த பாவம். மத்தியானம் அன்னபாக்கியம் குசினி அடுப்பை அணைத்தா. செய்தி பரவ, அயல் வீடுகளும் அணைத்தன. புகையில்லாத ஊரை அடையாளம் தெரியாமல் காகங்கள் விசுவமடுவரை பறந்து போய்த் திரும்பின.

வெயில் சாயும்போது வீரகத்தியின் நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. குளக்கட்டில் மண்வெட்டிகள் மின்னுவதைக் கண்டார். செல்வநாயகம் பொழுதுபடும்வரை பொறுக்கவில்லை. மறிக்க வாய் திறந்தார், குரல் வரவில்லை. பரமலிங்கத்தின் மூத்த மகன் துவக்கைத் தூக்கிக்கொண்டு வாசற் படலைக்கு நடந்தான்.

அன்னபாக்கியம் படலையை மறித்து நின்று புருஷனைப் பார்த்தா. "ஒருத்தர் எங்கடை கதிரையிலை சாகப் போறார். மற்றவை குளக்கட்டிலை சாகப் போகினம். நீங்கள் திறக்கிறியளோ, நான் போய்த் திறக்கட்டோ?"

பரமலிங்கம் எழுந்து போய்த் துருசைத் திறந்தார். மண்வெட்டிக்குப் பயந்தாரா, மனைவிக்குப் பயந்தாரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்ட பிறகே வீரகத்தி செம்பை வாங்கினார்.

வாய்க்கால் வெடிப்புகள் குடித்து மிஞ்சிய தண்ணீர் அவருடைய வயலுக்கு வர மறுநாள் மதியமாயிற்று. வீரகத்தி ஒரு குடலையைப் பிரித்துப் பார்த்தார். பாதி வெளிறிச் சருகாகியிருந்தது.

"தூது தூதெண்டு நாளைக் கடத்தாமல் முதலே வெட்டியிருந்தால் இது முழுக்க நெல்லு" என்றான் செல்வநாயகம்.

"ஓம்."

"உங்கடை கதையாலை போன நெல்லு, அம்மான்."

"ஓமடா."

செல்வநாயகம் வரம்பில் நின்று நெடுநேரம் திட்டினான். நல்ல உரத்த குரல். வீரகத்தி அதைக் கேட்டுக்கொண்டே சேற்றில் இறங்கி, தன் வயல் நனைந்ததும் தண்ணீரை அடுத்தவர் வயலுக்குத் திருப்பினார்.