லிஸ்ட் பாக்ஸில் ஒரு பிள்ளையார் சுழி

காலையில் கோவை சிங்காநல்லூரில் ஏறிய பேருந்து ராமநாதபுரம் சிக்னலில் நின்றபோதுதான் அன்புக்கரசிக்கு அது உறைத்தது.

கிணத்துக்கடவுப் பக்கம் கந்தப்பனின் கால்நடைத் தீவன ஆலைக்கு அவள்தான் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தாள். திரையில் ஒரு லிஸ்ட் பாக்ஸ். அதில் தீவனங்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பெயரை விரலால் தொட்டால் போதும், இயந்திரம் அதற்குரிய சரக்கைத் தானே எடைபோட்டுக் கலக்கத் தொடங்கிவிடும். தனியாக ஸ்டார்ட் பட்டன் எதற்கு என்று கந்தப்பன் கேட்டதால் அதையும் எடுத்துவிட்டிருந்தாள்.

நேற்று மாலை கிளம்பும் நேரத்தில் அவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, மேல ஒரு பிள்ளையார் சுழி இல்லாம மொட்டையா இருக்குதுங்களே?" என்றார். இதிலென்ன பெரிய வேலை? லிஸ்ட் பாக்ஸின் முதல் வரியாக ஒரு 'உ'வைச் செருகினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓட்டிப் பார்க்காமலே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மகா கெட்டிக்காரி!

பிள்ளையாருக்கு இடம் கொடுத்ததில் மற்ற பெயர்களெல்லாம் ஒரு வரி கீழே இறங்கிவிட்டன. கலவை அளவுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவள் எழுதிய நிரலோ பெயரைப் பார்ப்பதில்லை. எத்தனையாவது வரி என்றுதான் பார்க்கும். ஆகவே கன்றுத் தீவனத்தைத் தொட்டால், அதற்கு அடுத்ததான கறவை மாட்டுத் தீவனம் கலக்கும். அதில் யூரியா உண்டு. பெரிய மாடு செரித்துக்கொள்ளும். இளங்கன்றுக்கு அது விஷம்.

கந்தப்பனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஆலையை ஓட்டுகிற மாரப்பனைக் கூப்பிட்டாள். அவரும் எடுக்கவில்லை. உக்கடத்தில் இறங்கிப் பொள்ளாச்சிப் பேருந்தைப் பிடித்து, வழியெல்லாம் இருவரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். கண்ணை மூடினால் வாய் நுரைத்துக் கிடக்கிற கன்றுதான் தெரிந்தது. இன்னொரு பயமும் உள்ளே பிறாண்டியது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற சாமுவேலின் மகளான தான் போய், பிள்ளையார் சுழி வைத்ததால்தான் கோளாறு என்று சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

ஆலை சத்தமில்லாமல் கிடந்தது. மாரப்பன் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அம்மணி. காத்தால வந்து சுழியைத் தொட்டுக் கண்ணுல ஒத்துனனுங்க, அவ்வளவுதான். கோழித் தீவனத்துக்குச் சோளம் கடகடன்னு கொட்ட ஆரம்பிச்சுருச்சு. பயந்துபோயி மெசினையே நிறுத்திப்போட்டனுங்க. போனு உள்ள கெடக்குது."

முதல் வரிக்குரிய கலவை கோழித் தீவனம்; சுழியைத் தொட்டதும் அதுதான் ஓடியிருக்கிறது. சுழி என்று ஒன்று இருந்தால் தொட்டுக் கும்பிடுவார்கள் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை? எப்படியோ, அந்தக் கும்பிடுதான் காப்பாற்றியிருக்கிறது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அப்பக் கன்னுத் தீவனம் ஓட்டவே இல்லீங்களே?"

"இன்னைக்கு இல்லீங்க. நேத்து நீங்க போனதும் ஒரு நடை ஓட்டுனமுங்க. சுழியெல்லாம் காத்தால வேலை தொடங்கறப்பத்தானுங்களே தொடுவோம். அந்த மூட்டைகளை முதலாளி வெடியால பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணைக்கு ஏத்திட்டுப் போயிட்டாருங்க."

அவள் கையில் போன் அடித்தது. கந்தப்பன்தான்.

"என்னுங்க அம்மணி, இத்தனை வாட்டி கூப்பிட்டிருக்கீங்க? வண்டி ஓட்டிட்டு இருந்தனுங்க. இப்பத்தான் பண்ணையில மூட்டை எறக்குனோம்."

சுழியைப் பற்றிச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. "அந்த மூட்டையைத் திருப்பிக் கொண்டாந்துருங்க. மெசின்ல சின்னக் கோளாறுங்க."

"சின்னக் கோளாறுதானுங்களே? பண்ணைக்காரரு ஒரு மூட்டையைப் பிரிச்சுத் தொட்டியில கொட்டிட்டாருங்க. அடுத்த நடையில சரி பண்ணிக்கலாம், உடுங்க."

"ஐயோ, திங்க உட்றாதீங்க!" என்று அலறினாள். "அதுல யூரியா இருக்குதுங்க. கன்னு செத்துப்போகும். தப்பு என்மேலதானுங்க. நீங்க கேட்ட சுழியைப் பேருங்களோட வரிசையிலயே செருகிப்போட்டு, ஓட்டிப் பாக்காம போயிட்டனுங்க."

அந்தப் பக்கம் அவர் கத்தியது மாரப்பனுக்கே கேட்டது. "டேய், கன்னைப் புடி! தொட்டிகிட்ட உடாதே! புடிடா!" யாரோ ஓடினார்கள். ஏதோ உருண்டு விழுந்தது. அன்புக்கரசி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

ஒரு யுகம் கழித்து அவர் குரல் மூச்சிரைப்போடு வந்தது. "கயித்தைப் புடிச்சு இழுத்துப்போட்டாங்க. வாய் வெக்கலீங்க."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோளாறு யாரு கையிலயும் வரும். எனக்கு அதுல கோபமில்லீங்க," என்றார் கந்தப்பன். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "ஆனா, மொதல்ல சின்னக் கோளாறுன்னு எதுக்குங்க அம்மணி சொன்னீங்க?"