ஐந்தாவது ஜாடி

மறுநாள் காலை எட்டு மணிக்கு என் தங்கைக்குக் கழுத்தில் ஆபரேஷன். தைராய்டின் வலது பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று ஊசி போட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் எனக்கு ஒரு வாரமாகப் பயம். அவள் பிழைப்பே குரலில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள் அவள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால், பிளாட்பாரத்தில் சண்டை போடுகிறவர்கள்கூட ஒரு நொடி நிறுத்துவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா சொன்னதெல்லாம் அவளைப் பற்றித்தான். என்னைப் பற்றி அம்மா அதிகம் சொன்னதில்லை.

நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் மியூசியத்தில் வேலை பார்க்கிறேன். செத்த பிராணிகளை அறுத்து, உறுப்புகளைப் பிரித்து, ஃபார்மலின் ஜாடியில் போட்டு, லேபிள் ஒட்டி வரிசையாக வைப்பேன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஜாடி மேடம்'. மீன், தவளை, ஓணான், கோழி, நாய், ஆடு என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஆறு ஜாடி. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தால், ஒரே வீட்டைத் தலைமுறை தலைமுறையாக இடிக்காமலே மாற்றிக் கட்டிக்கொண்டு போனது மாதிரி இருக்கும். இடிக்காமல் கட்டியதால் சில இடங்களில் கோணலும் உண்டு.

அதில் பெரிய கோணல் குரல் நரம்பு. தலையிலிருந்து புறப்படுகிற நரம்பு பக்கத்திலிருக்கும் குரல்வளைக்கு நேராகப் போவதில்லை. அதைத் தாண்டிக் கீழே இறங்கி, நெஞ்சுப் பக்கம் ஒரு ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறி வருகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதை உடம்பே செய்கிறது. மீனுக்குக் கழுத்து கிடையாது, இதயம் செவுளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் மீனில் செவுளுக்குப் போகும் அதே நரம்புக்கு நேர் வழி. பின்னால் வந்த பிராணிகளுக்குக் கழுத்து நீண்டது, இதயம் கீழே இறங்கியது. குழாயில் மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபட்டுப் போனது. ஒட்டகச்சிவிங்கிக்கு அது பல மீட்டர் நீளம்.

தைராய்டை எடுக்கும்போது கத்திக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இந்த நரம்புதான். அது அறுபட்டால் குரல் கரகரத்துப் போகும். கரகரத்த குரலை எந்த ஸ்டேஷன் மைக்கில் விடும்?

அன்று மதியம் வார்டில் அவளுக்கு ரொட்டியும் சூப்பும் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்களில் தட்டு கழுவியாகிவிட்டது. இவள் பாதி ரொட்டியில் இருந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு வாய் மெல்லுவாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள், நெஞ்சைத் தடவிவிட்டுக்கொள்வாள், பிறகுதான் அடுத்த வாய். அவளுக்கு 'ஆமை' என்று பெயர் வைத்தவள் நான். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

"ஆமை, நாளைக்குக் காலைல தியேட்டருக்குக் கூப்பிடறதுக்குள்ள முடிச்சிடுவியா?"

"இறங்கினாத்தானேக்கா அடுத்த வாய். கெட்டியா எதைத் தின்னாலும் நெஞ்சுல மாட்டுது. எத்தனை தடவ சொல்றது உனக்கு?"

முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. அதே வார்த்தையை இன்னொருவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது ஒரு நாயைப் பற்றி.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் தன் செத்த நாயை எங்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். "குட்டியிலேருந்தே கெட்டியா எதையும் முழுங்காதுங்க. கரைச்சு ஊத்தினாத்தான் இறங்கும்" என்று கண் கலங்கச் சொன்னார். நான் சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, குரல் நரம்பு வரிசையின் ஐந்தாவது ஜாடிக்காக அதன் கழுத்தைத் திறந்தேன். வலது நரம்பை வழக்கம்போல் கீழேயிருந்து, மூச்சுக்குழாயை ஒட்டித் தேடினேன். காணவில்லை. மேலே குறுக்காக வெள்ளையாய் ஏதோ ஓடியது. சின்ன ரத்தக் குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டேன்.

அதுதான் நரம்பு. மீனில் போவதுபோல நேராக வந்திருந்தது. அது சுற்ற வேண்டிய ரத்தக் குழாய் அந்த நாயில் தன் இடத்திலேயே இல்லை. வேறு இடத்தில் கிளம்பி, உணவுக்குழாய்க்குப் பின்னால் போய், அதை நசுக்கிக்கொண்டிருந்தது. பிடித்திழுக்கக் குழாய் இல்லாததால் நரம்பும் கீழே இறங்கவில்லை. அபூர்வமாக மனிதர்களுக்கும் இப்படி அமையும் என்று அதற்கப்புறம் படித்தேன்.

அறுந்த இரண்டு முனைகளையும் நீல நூலால் கட்டி ஜாடியில் போட்டேன். லேபிளில் 'வலது நரம்பு சிதைந்த நிலையில் கிடைத்தது' என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கே தோன்றியது. மெதுவாகச் சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் குழாய் இடம் மாறியா இருக்கிறது? டாக்டரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். சொல்லாமல் இருந்தால்? நாளைக்கு அவரும் வெள்ளையாய் எதையோ பார்த்து, சின்ன ரத்தக் குழாய் என்று நினைத்தால்? பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய் ஐந்தாவது ஜாடியைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பையைத் தட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். ஊறுகாய் என்றேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை.

ஆபரேஷன் டாக்டர் தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். காலேஜ்ல ஜாடிக்கு மருந்து ஊத்தறவ."

"நூறு பேர்ல ஒருத்தருக்கு இருந்தாலே அதிகம்மா அது."

"தெரியும் சார். என் கையில அந்த ஒண்ணு மாட்டுச்சு."

ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் டீயைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். லேபிளை மெதுவாகப் படித்தார்.

"சிதைஞ்ச நிலையில கிடைச்சதுன்னு போட்டிருக்கே. அப்புறம் நேரா வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?"

இதுதான் நான் பயந்த கேள்வி. நுணலும் தன் வாயால் கெடும். எத்தனை தவளையை அறுத்திருப்பேன், இன்றைக்கு என் முறை.

"நல்லாத்தான் சார் இருந்தது. நான்தான் அறுத்தேன். எப்பவும் இருக்கற இடத்துல தேடினேன், இல்ல. குறுக்க இருந்ததை ரத்தக் குழாய்னு நினைச்சு வெட்டிட்டேன். லேபிள்ல பொய் எழுதிட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் அங்கதான் தேடியிருப்பேன்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் தங்கையைத் திரும்பவும் ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போனார்கள். அவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஸ்கேன் டாக்டரம்மா அவள் கழுத்தின் அடியில் கருவியை வைத்து அழுத்தி, சாய்த்து, மறுபடி அழுத்தினார். அது பொய்யாக இருக்கட்டும், நான் கிறுக்கி என்று பெயரெடுத்தாலும் பரவாயில்லை என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே நின்றேன்.

"இந்தக் குழாய் இங்க ரெண்டாப் பிரியணும். பிரியல. ஒண்ணு வேற எங்கேருந்தோ கிளம்புது" என்றார் டாக்டரம்மா.

நான் நினைத்தது சரியாகப் போனதற்காக வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

வார்டுக்குத் திரும்பியதும் தங்கையிடம் எல்லாம் சொன்னேன். கட்டிலுக்கடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"அதுல என்ன?"

"நாய்."

"ஊர்ல எல்லா அக்காவும் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வருவாங்க" என்றாள். சிரித்தாள். ஆனால் என் கையைப் பிடித்தவள் விடவில்லை. "குரல் போயிட்டா உனக்கு நிம்மதிதானேக்கா?"

போர்வையை இழுத்து அவள் கழுத்து வரை மூடிவிட்டேன்.

காலையில் எட்டு மணிக்குக் கூட்டிப் போனார்கள். தியேட்டர் கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் நீல நூல் தெரிந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஒரு தடவை துப்புரவு செய்கிற அம்மா வெளியே வந்தார், அவரிடமும் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

பத்தரைக்கு டாக்டர் வந்தார்.

"மேலேருந்து தேடினேன். நேராத்தான் வந்துது, உங்க நாய்க்கு வந்த மாதிரியே. முழுசா விட்டிருக்கேன். ஆனா கண்ணு முழிச்சு அவங்க பேசற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்த 'ஆனா' என் உயிரை வாங்கிவிட்டது.

அவள் நன்றாகக் கண் திறந்தபோது மதியம் ஆகிவிட்டது. கழுத்தில் வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"ஏதாவது பேசு" என்றேன்.

வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். நெற்றி சுருங்கியது, உதடு மட்டும் அசைந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரைந்து அழுதேன். நர்ஸ் ஓடி வந்தார். "ஆமைன்னு கூப்பிட்டேனே, முப்பது வருஷமா நீ சொன்னதைக் கேக்கலியே" என்று என்னென்னவோ புலம்பினேன். வார்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

தலைக்கு மேலிருந்து வந்தது. கொஞ்சம் கம்மல், ஆனால் அதே குரல்.

"முப்பது வருஷம் தாமதமா வந்த அக்கா, தரையிலேருந்து எழுந்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

எழுந்தேன். ஆபரேஷன் செய்த கழுத்தாக இல்லாவிட்டால், அந்த நடிப்புக்கு அன்றைக்கு அவளை அறைந்திருப்பேன். சிரித்தால் வலிக்கிறது என்று கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.