மொக்தாரின் காரில் இன்னொரு குரல்

1

இந்தக் கதை ஒரு மைவி காரின் பின் இருக்கையில் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. மடியில் கேக் பெட்டி, காலடியில் ஒரு கட்டு ரம்புத்தான், முன்னால் இரண்டு முதிய தலைகள். அந்தத் தலைகளுக்கு நடுவே புதிதாகப் பொருத்திய திரை. திரைக்குள்ளிருந்து ஒரு பெண் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து இதை எழுதப் பார்க்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மிஷின் வந்த அன்று ரொபியாவுக்கு வேலை போயிற்று."

நல்ல வாக்கியம்தான். அடுத்த வரிக்குத் தானாக இழுத்துப் போகும். ஆனால் பொய். ஏன் பொய் என்பதற்கு இன்னும் சற்றுத் தூரம் போக வேண்டும். அதற்குள் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

மொக்தார் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் ஊரான கெமாஸில் ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டை ஊடுருவித் தும்பாட் வரை போகும் பாதையில்தான் அவர் காலமெல்லாம் ஓடியது. அந்த மனிதருக்குச் சாலையில் வழி தெரியாது. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாது. தண்டவாளம் திரும்பினால் ரயில் திரும்பும். ஓட்டுகிறவர் எதற்கு யோசிக்க வேண்டும்? காரில் முச்சந்தி வந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். யாரோ வந்து தடத்தை மாற்றிவிடுவார்கள் என்று காத்திருப்பது போல இருக்கும்.

மாற்றிவிட்டது அவர் மனைவி ரொபியா. கணவரை 'பாங்' என்றுதான் கூப்பிடுவார்.

"பாங், அடுத்த முச்சந்தியில இடது. ஃபரிடா வாந்தி எடுத்தாளே, அந்தப் பக்கம்."

"எந்த வாந்தி?"

"முதல் வாந்தி. ரெண்டாவது பஹாவ் தாண்டி."

ஃபரிடா அவர்களுடைய மகள். இப்போது ஜொகூர் பாருவில் வேலை, இரண்டு பிள்ளைகள். ஆனால் ரொபியாவின் வரைபடத்தில் அவள் இன்னும் பின் இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

* ஊர்ப் பலகையைப் படித்து ரொபியா வழி சொன்னதே இல்லை. தேத்தண்ணிக் கடை, பிள்ளை அழுத இடம், டயர் வெடித்த மேடு, இவைதான் அவருடைய பலகைகள். மைவிக்கு முன்பு வைத்திருந்த பழைய சாகா காரில் கேசட் ஓடும். ஒரு பக்கம் தீர்ந்தால் அவர்தான் திருப்பிப் போடுவார். "இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள பாலம் வரணும்" என்பார். வரும். நானும் என் மனைவியும் அந்தக் காரில் பல பெருநாள்களுக்குப் போயிருக்கிறோம். சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, இலையில் சுற்றிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை மடியில் வைத்துத் தின்றுகொண்டு. அந்தக் காற்றை எழுத எனக்கு வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

2

என் முதல் படியில் ரொபியா பொறாமைக்காரி. மகள் மிஷினை வாங்கித் தருகிறாள். மிஷின் அம்மாவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி உட்கார்கிறாள். கடைசியில் மிஷின் எங்கோ ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் காரைக் கொண்டுபோய் விட, ரொபியா

(இங்கே நிறுத்திவிட்டேன். மிஷின் தோற்று மனைவி ஜெயிக்கும் கதையை நீங்களே எழுதிக்கொள்வீர்கள். அதற்கு நான் வேண்டாம்.)

நடந்தது வேறு. ஒரு நாள் மொக்தார் பள்ளிவாசலில் புல் வெட்டப் போயிருந்தார். ரொபியா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சிகு, செகாமாட் வரைக்கும் என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா? அவருக்குத் தெரிய வேண்டாம்."

நான் பள்ளி ஆசிரியராக இருந்தவன். ஊரில் எல்லாருக்கும் சிகுதான்.

செகாமாட்டில் கோக் வாவின் கார் சாமான் கடைக்குப் போகச் சொன்னார். கோக் வா ஐம்பதைத் தாண்டிய சீனர். எப்போதும் உட்கார்ந்தபடியே வியாபாரம் செய்கிறவர், ரொபியாவைப் பார்த்ததும் எழுந்தார். அவருக்கு ரொபியா மாக்சிக், அதாவது அத்தை; மொக்தார் பாக்சிக், மாமா.

"மைவிக்கு ஒரு பிளேயர் வேணும். படம் காட்டி வழி சொல்ற மாதிரி. குரல் நல்லா இருக்கணும்."

"எல்லாம் ஒரே குரல்தான் மாக்சிக். போன்ல வர்றதுதான் இதுல வரும்."

"கோவப்படுமா?"

"கோவமா? நூறு தடவை தப்பா போனாலும் அது பாட்டுக்குத் திரும்பிப் போ, திரும்பிப் போன்னு சொல்லும். கத்தாது."

"அப்போ அவர் வேற யாரோட பொண்டாட்டியோன்னு நெனச்சுப்பார்" என்றார் ரொபியா. கோக் வா சிரித்துச் சிரித்து இருமினார். ஃபரிடா போனில் சொல்லி ஏற்பாடு செய்ததாக மொக்தாரிடம் சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு ரொபியா வெளியே வந்தார்.

திரும்பும் வழியில், எதற்கு இந்த ரகசியம் என்று நான் கேட்டேன். ரொபியா நேராகப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் சிகு. சொட்டு மருந்து போடுறேன். போன பார்வை போனதுதானாம். இருக்கிறதைக் காப்பாத்தத்தான் மருந்து. நேரா பார்த்தா தெரியுது, குழாய் வழியா பார்க்கிற மாதிரி. ரெண்டு பக்கமும் கறுப்புக்கூட இல்ல. ஒண்ணுமே இல்ல."

"அப்போ இவ்வளவு நாளா வழி?"

"ஞாபகத்துல இருந்து சொன்னேன். இப்போ புதுப் பாதை, புதுப் பாலம்னு போட்டுட்டே இருக்கான். போன மாசம் ஒரு வளைவைத் தப்பாச் சொல்லிட்டேன். எதிர்ல லாரி."

"மொக்தார் கிட்ட சொல்லிடலாமே."

"சொன்னா அன்னிக்கே சாவியைக் கொண்டுபோய் ஆணியில மாட்டிடுவார். ரயிலை விட்டு இறங்கினப்பவே அவர் பாதி ஆளா வீட்டுக்கு வந்தார். நீங்க பார்த்தீங்கல்ல? இப்போ காரையும் விட்டு இறங்கினா?"

கெமாஸ் வரைக்கும் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

* இதை எழுதலாமா என்று பின்னொரு நாள் அவரிடமே கேட்டேன். "பேரை மாத்திடுங்க. தமிழ்லதானே எழுதுவீங்க? எங்க வீட்ல யாருக்கும் படிக்க வராது. சௌகரியம்" என்றார். பெயர்களை மாற்றிவிட்டேன்.

3

பொருத்திய நாளை மொக்தாரின் பக்கமிருந்து எழுத வேண்டும். அன்று அவருக்கு எதுவும் தெரியாது.

கோக் வா ஒரு பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் விட்டு நெம்பினார். 'டக், டக்' என்று கிளிப்புகள் விட்டன. பழைய ரேடியோ கம்பிகளோடு வெளியே வந்தபோது மொக்தார் ஓரடி பின்னால் போனார். பல் பிடுங்கிய வாய் போல இருந்தது அந்தப் பொந்து. உள்ளே தூசிக்கு நடுவில் ஒரு புளிப்பு மிட்டாய்த் தாளும் சிறுமிகள் வைக்கும் வண்ணத்துப்பூச்சிக் கொண்டை ஊசியும் கிடந்தன. பேத்தியுடையதாக இருக்கும். மொக்தார் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாக்சிக், நகருங்க. கேமரா வயர் கார்ப்பெட் அடியில போகணும்."

"கேமரா எதுக்கு?"

"பின்னால பார்க்க. ரிவர்ஸ் போட்டா திரையில தெரியும்."

"நான் ரயில் ஓட்டினவன். பின்னால பார்க்கிறது கார்டு வேலை."

"இப்போ கார்டு இதுதான் லா."

புதுக் கேசிங்கை வைத்து அமுக்கினார் கோக் வா. கட்டைவிரல் அளவு ஏரியலைக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினார். முன் கண்ணாடியின் தூணோரமாகக் குட்டி மைக். கம்பிகள் எல்லாம் உள்ளே போய் மறைந்தன. பிறகு மொக்தாரின் போனைக் கேட்டு வாங்கி அதையும் இதையும் சேர்த்துவைத்தார். திரையில் மொக்தாரின் பெயர் வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயர் ஒளிர்வதைப் பார்ப்பதில் அவருக்குச் சந்தோஷமா பயமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. (இரண்டையும் எழுதிப் பார்த்து இரண்டையும் அடித்துவிட்டேன்.)

ரொபியாவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். கடைத்தெரு முனையில் அந்தக் குரல் சொன்னது: இடப்பக்கம் திரும்பவும்.

மொக்தார் திரும்பவில்லை. வண்டியை மெதுவாக்கி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"அது சொல்லுதே பாங்."

"நீ சொல்லு."

"இடது."

அதற்குப் பிறகுதான் கார் திரும்பியது. பின் இருக்கையில் இருந்த கோக் வா, இப்படி ஒரு வாடிக்கையாளரைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

4

ஜெராண்டுட்டில் ரொபியாவின் தங்கை வீட்டுக் கல்யாண விருந்து. என்னையும் கூப்பிட்டார்கள். கேக் பெட்டி, ரம்புத்தான் எல்லாம் அன்றைக்குத்தான்.

பஹாவ் தாண்டுவதற்குள் மொக்தார் மிஷினுக்குப் பழகிவிட்டார். அது சொன்னால் திரும்பினார், மனைவியைக் கேட்கவில்லை. வழி சொல்லும் வேலை இல்லாததால் ரொபியாவுக்கு வாய் ஓய்வாக இருந்தது. அவர் கதை பேச ஆரம்பித்தார்.

"பாங், ரப்பர் ஆலை வந்திருக்கணுமே. இடப்பக்கம் பாருங்க, ஷீட்டெல்லாம் காயப் போட்டிருப்பான். அந்த நாத்தம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகல."

இடப்பக்கம் ஒரு பெட்ரோல் நிலையம் இருந்தது. அதையொட்டிப் பெரிய கார் கழுவுமிடம். ஆலை இருந்ததற்கான சுவர்கூட இல்லை.

மொக்தார் பார்த்தார். வாயைத் திறந்தார். கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது.

"ஆமா" என்றார். "காயுது."

கொஞ்ச தூரம் போனதும் ரொபியா தூங்குமூஞ்சி மர வரிசையைச் சொன்னார். சாலையின் ஓரமெல்லாம் பூ கொட்டிக் கிடக்கும் என்றார். சாலை நான்கு வழியாகி, மரங்கள் இருந்த இடத்தில் சிமென்ட் கால்வாய் ஓடியது. மொக்தார் இதற்கும் ஆமாம் போட்டார். இந்தத் தடவை குரல் தாமதித்து வந்தது.

அவர் மனதில் அப்போது என்ன ஓடியது என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: ஸ்டியரிங்கில் இருந்த இடக்கை இறங்கிப் போய் மனைவியின் முழங்காலில் கொஞ்ச நேரம் இருந்தது. ரொபியா, "ரோட்டைப் பாருங்க" என்று அதை எடுத்துத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்தார்.

மெந்தகாபில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். ரொபியா கைகழுவப் போனார். கல்லாவரை சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். அதையும் மொக்தார் பார்த்தார்.

"சிகு, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மகள் வாங்கிக் கொடுத்தாள்னு சொன்னது பொய்தானே?"

நான் தலையை அசைத்தேன். அவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"என்ஜின்ல முன்னாடி மட்டும்தான் பார்க்கணும். பக்கத்துல என்ன போச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அவளைக் கூட்டிட்டு இந்த ரோட்ல வரும்போதுதான், இங்க ஆறு இருக்கு, அங்க கோயில் இருக்குன்னு சொல்லுவா. நான் அந்த ஊரையெல்லாம் அவ வாயாலதான் பார்த்தேன்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரியாது. சரியா? நான் கவலைப்படக் கூடாதுன்னு அவ மறைக்கிறா. அதனால எனக்குத் தெரியாது."

காரில் ஏறியதும் மிஷினின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, வாழ்நாளில் சாலையோரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிராத அந்த மனிதர் வர்ணிக்க ஆரம்பித்தார்.

"பாரு பியா, எவனோ வலப்பக்கம் மெத்தைக் கடை போட்டிருக்கான். வாசல்ல சிவப்பு பலூன், காத்துல ஆடுது. இங்க என்ன, பள்ளிக்கூடமா? மஞ்சள் சுவர். பசங்க வெளிய நிக்கிறாங்க. ஒருத்தன் தலையில பையை வெச்சிருக்கான்."

ரொபியா சிரித்தார். "மிஷின் வந்ததும் உங்களுக்கு வாய் வந்துடுச்சு."

"பின்ன, வழி சொல்ல ஆள் இருக்கு. எனக்கு வேற என்ன வேலை?"

5

இங்கே கதையை முடித்திருக்கலாம். முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் உண்மையைப் பேசி, சேர்ந்து அழுவது. எழுதினேன். அவர்கள் பேசுவது போலவே இல்லை, என் பழைய கதைகளில் வருகிறவர்கள் பேசுவது போல இருந்தது.

இன்னொன்று: அவருக்குத் தெரியும் என்பது ரொபியாவுக்கும் தெரியும், மொக்தாருக்கு அதுவும் தெரியும் என்று அடுக்கிக்கொண்டே போவது. கெட்டிக்காரத்தனமாக இருக்கும். அவர்களுக்கு அதில் ஒன்றும் ஆகப் போவதில்லை.

பிற்பாடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். ரொபியாவுக்கு இப்போது பெரும்பாலும் வெளிச்சம் மட்டும்தான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யார் எப்போது சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மொக்தார் சாவியை ஆணியில் மாட்டவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் இருவரும் எங்கேயாவது கிளம்பிவிடுகிறார்கள். மிஷின் அவருக்கு வழி சொல்கிறது. அவர் ரொபியாவுக்கு ஊரைச் சொல்கிறார். ஊர் என்றால் இருக்கிற ஊர், இல்லாத ஊர் இரண்டும் கலந்து.

ஆனால் என் கதை அங்கே இல்லை. விருந்து முடிந்து ஜெராண்டுட்டிலிருந்து திரும்பும்போது மாலை வெயில் சாய்ந்திருந்தது. சாலை தண்டவாளத்தை ஒட்டி ஓடும் ஓரிடம் வந்தது. ரொபியா பேச்சை நிறுத்தினார்.

கல்யாணமான புதிதில் அங்கே ஒரு சின்ன ரயில் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தார்களாம். மரத்தாலான மேடை, வெள்ளைப் பெயிண்ட் அடித்த வேலி. மொக்தார் ஓட்டிய வண்டி அங்கே நிற்காது. ரொபியா ஃபரிடாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நிற்பார். மொக்தார் விசிலை விட்டுவிட்டு ஊதிக்கொண்டே கடந்து போவார். நேராகத்தான் பார்க்க வேண்டும் என்பதால் திரும்பிப் பார்க்க மாட்டாராம். விசில்தான் பார்வை.

"பாங், அந்த மேடை இருக்கா?"

மொக்தார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பார்த்தார். ஆலைக்கும் மரத்துக்கும் ஆமாம் சொன்னவருக்கு இதற்கு வரவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டார். திரையில் இருந்த பெண் தொடர்ந்து நேராகச் செல்லவும் என்றாள்.

ரொபியா காத்திருந்தார். பிறகு இருக்கையில் மெல்லத் திரும்பி, என் முகம் இருக்கும் என்று அவர் நினைத்த திசையைப் பார்த்தார்.

"சிகு, நீங்க சொல்லுங்க. இருக்கா?"

நான் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. இவ்வளவு தூரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துச் சன்னலில்தான் அந்த இடம் தெரிகிறது. லாலாங் புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. புல்லுக்குள் வெள்ளையாக ஏதோ இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம். மொக்தார் கண்ணாடி வழியாக உங்களையே பார்க்கிறார்.

சொல்லுங்கள்.