கையில் கொடுக்க வேண்டும்

சமையலறைத் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டு, உறைந்துபோன காட்டு வாத்தைக் கழுத்தைப் பிடித்து முக்கிக்கொண்டிருந்தார் வெர்னன். போன வருஷம் எல்ராய் சுட்டது, நாயைப் பழக்கவென்று ஃப்ரீசரில் கிடந்தது. இறக்கை இன்னும் மடங்கவில்லை.

"வெந்நீர் விடாதடா," என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. "இறகெல்லாம் உரிஞ்சிக்கிட்டு வந்துடும்."

வெர்னன் குழாயைப் பச்சைத் தண்ணீருக்குத் திருப்பினார். அண்ணன் எல்ராய்க்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே தெம்பில்லை. ஆனால் குழாயின் சத்தத்தை வைத்தே சூடா பச்சையா என்று சொல்லிவிடுவார்.

வெர்னனுக்கு அறுபத்தேழு, எல்ராய்க்கு எழுபத்திரண்டு. இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு மினசோட்டாவின் மேற்கு ஓரத்திலிருந்த அந்தப் பண்ணை வீட்டில் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு நாற்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள். கதவுக்கு வெளியே உள்ளதெல்லாம் எல்ராய், உள்ளே உள்ளதெல்லாம் வெர்னன். வேட்டை, துப்பாக்கி, நாய், டிராக்டர் ஒரு பக்கம். அடுப்பு, துணி, ஞாயிற்றுக்கிழமைப் பலகாரம் இன்னொரு பக்கம். எல்ராய் சுட்டுக் கொண்டுவந்த வாத்தைச் சமைத்ததோடு சரி, வெர்னன் ஒரு தடவைகூட வேட்டைத் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

மே மாதம் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் எல்ராய் ஹேசலை, சுட்ட பறவையை எடுத்துவருகிற வேட்டை நாய்களுக்கான சோதனைக்குப் பதிவு செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹேசலுக்கு இரண்டரை வயது. காப்பிக்கொட்டை நிறத்து லாப்ரடார். எத்தனையோ நாய் வளர்த்தவர், எதையும் சோதனைக்குக் கொண்டுபோனதில்லை. இதைக் கொண்டுபோகத் தோன்றியிருக்கிறது. வைத்தியம் பலிக்காது என்று தெரிந்த பிறகும் படிவத்தை நிரப்பி அனுப்பினார். நாயை நடத்துபவர் என்ற இடத்தில் தம்பியைக் கேட்காமலே தம்பி பெயரை எழுதினார்.

சோதனை சனிக்கிழமை. இன்று வெள்ளி.

காலையில் வந்த நர்ஸ் நாக்கடியில் மருந்து விட்டுவிட்டு, வெர்னனை வாசலுக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "பாதம் நிறம் மாற ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்கோ நாளைக்கோ. நீங்க ராத்திரி தூங்கறீங்களா?"

"தூங்கறேன்," என்றார் வெர்னன். பொய். ஒன்பது வாரமாக நாற்காலியில்தான் படுக்கை. இரண்டு மணிக்கொரு தரம் மருந்து, அப்புறம் துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது. இது முடிந்தால் தேவலை என்று இரண்டு தடவை நினைத்திருக்கிறார். நினைத்ததற்காக அடுப்பைத் தேய்தேயென்று தேய்த்தார்.

வாத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனார். கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. வெளியே அறுத்துவிட்ட தீவனப் புல்வெளி, அதற்கப்பால் பழுக்கத் தொடங்கிய சோயா.

"நாளைக்கு நான் போகலை," என்றார்.

எல்ராய் கண்ணைத் திறந்தார். முகம் மஞ்சளாக, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "ஏன்?"

"உன்னை விட்டுட்டு எப்படிப் போறது?"

"நான் எங்கயும் ஓடிட மாட்டேன்." மூச்சு வாங்க நிறுத்தினார். "உனக்குப் பயம். ஊர்க்காரன் முன்னாடி நாய் உன் பேச்சைக் கேக்காதுன்னு பயம்."

"கேக்கலைதானே? உண்மையைத்தானே சொல்றேன்."

அது உண்மைதான். எறிந்த வாத்தை ஹேசல் கண்டுபிடித்துவிடும். கவ்வவும் செய்யும். ஆனால் கொண்டுவந்து வெர்னன் கையில் கொடுக்காது. அவரைத் தாண்டி ஓடி, எல்ராய் படுத்திருக்கிற ஜன்னலுக்குக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும். சோதனையில் நாய் கையில்தான் கொடுக்க வேண்டும். கீழே போட்டால் போச்சு.

"பெர்னீஸ் வந்தாச்சா?" என்றார் எல்ராய்.

"இப்பதான் வந்தா. கார்ல இருந்து சாமான் இறக்கிக்கிட்டு இருக்கா."

"அவளை எறியச் சொல்லு."

தங்கை பெர்னீஸ் அறுபது மைலுக்கு அப்பாலிருந்து இரண்டு பாத்திரத்தில் சமைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். சர்ச்சுக்குப் போகிற காலணி, இஸ்திரி போட்ட சட்டை. விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"செத்த வாத்தை நான் எறியணுமா? ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சா?"

"ஆமா," என்றார் எல்ராய் உள்ளேயிருந்து.

பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை முழங்கை வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டு, வாத்தை உடம்பில் படாமல் தூர நீட்டிப் பிடித்தபடி புல்வெளியில் நடந்து போனாள் பெர்னீஸ். எண்பது கஜம் தள்ளி நின்றாள். ஹேசல் வெர்னனின் இடது காலருகே உட்கார்ந்து உடம்பெல்லாம் நடுங்கியது. வெர்னன் ஒரு கையால் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சத்தத்துக்கென்று வைத்திருந்த வெற்றுத் தோட்டா போட்ட கைத்துப்பாக்கியை வானத்துக்கு நீட்டிச் சுட்டார். சுடும்போது கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

"ஹேய் ஹேய் ஹேய்!" என்று கத்தி பெர்னீஸ் எறிந்தாள். வாத்து நேரே மேலே போய் அவள் தலைக்குப் பின்னால் விழுந்தது.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. வெர்னன் பதறித் திரும்பிப் பார்த்தார். எல்ராய் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் வலிக்கும், வலியோடு சிரித்தார்.

முதல் தடவை ஹேசல் ஜன்னலுக்கு ஓடியது. இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை வெர்னன் அதைத் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அப்படியே புல்லில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த நாய் அவர் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தது. ஜன்னலைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. பிறகு அவர் எதிரே வந்து உட்கார்ந்தது. அவர் கையை நீட்டினார். வாத்து ஈரமும் நாய் வாயின் சூடுமாகக் கையில் வந்து விழுந்தது.

உள்ளே ஓடினார். "பாத்தியா?"

"பாத்தேன். கையை ரொம்ப மேல வச்சிருக்க. தாடைக்குக் கீழ கொண்டு போகணும்." எல்ராய் மூச்சைச் சேகரித்துக்கொண்டார். "தண்ணில என்ன பண்ணுவா?"

சோதனையில் தண்ணீரிலிருந்து எடுத்துவருவதும் உண்டு. ஏரி ஒரு மைல் தள்ளி. ஒன்பது வாரமாக அண்ணனைத் தனியாக விட்டு ஏரிக்குப் போகவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கரையேறினதும் உதறிக்கப் பாப்பா," என்றார் எல்ராய். "உதறிக்கறதுக்கு முன்னாடி வாங்கிடு. நீ தண்ணி ஓரத்துக்கே போய் நில்லு."

"சரி."

"காப்பி வேணும்."

விழுங்க முடியாது. குச்சி முனையில் இருந்த பஞ்சைக் காப்பியில் நனைத்து வெர்னன் அவர் உதட்டில் வைத்தார். எல்ராய் அதைச் சப்பினார்.

"சர்க்கரை போட்டிருக்க."

"போடலை."

"போட்டிருக்க."

வெர்னன் நாற்காலியில் சாய்ந்தார். ஆக்சிஜன் மெஷினின் சத்தம் ஒரே சீராக இருந்தது. வெயில் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்திருந்தது. ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

கண் விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. பெர்னீஸ் பாத்திரம் துடைக்கிற துண்டோடு வாசற்படியில் நின்றாள்.

"வெர்னன்," என்றாள். "அந்த மெஷினை நிறுத்து."

அவர் எழுந்து பொத்தானை அமுக்கினார். அதன் பிறகுதான் கட்டிலைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்ல வந்ததுபோல. வெர்னனுக்கு அழுகை வரவில்லை. இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதும் உடம்பெல்லாம் கூசியது. முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டிருந்த சட்டையில் ஒரு சின்ன இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் அண்ணனின் போர்வையை நேராக்கினார்.

நர்ஸ் வந்து நேரம் எழுதிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்கிறவர்கள் வந்து உடலைத் தங்கள் இடத்துக்குத் தூக்கிப் போனார்கள். அடக்கம் செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. பெர்னீஸ் கொண்டுவந்திருந்த சாப்பாட்டைச் சூடாக்கினாள். இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

"நாளைக்குப் போகப் போறியா என்ன?" என்றாள் பெர்னீஸ். கதவோரம் அவர் எடுத்து வைத்திருந்த ரப்பர் பூட்ஸை அவள் பார்த்துவிட்டாள்.

"தெரியலை."

"பாதிரியார் பத்து மணிக்கு வர்றார். என்னன்னு சொல்றது அவர்கிட்ட? அண்ணன் செத்த மறுநாள் தம்பி நாயைக் கூட்டிக்கிட்டு வாத்து பொறுக்கப் போயிருக்கான்னா?"

"அப்படியே சொல்லு."

அவள் தட்டை வேகமாகக் கழுவி வைத்தாள். மறுநாள் காலை வெர்னன் பிக்கப்பில் ஏறியபோது இருக்கையில் ஒரு காகிதப் பை இருந்தது. உள்ளே இரண்டு பன்றிக்கறி சாண்ட்விச், ஒரு ஆப்பிள், நாய்க்கென்று தனியாகக் கட்டிய ஒரு துண்டு இறைச்சி.

சோதனை நடக்கிற பண்ணையில் இருபது வண்டிகளுக்குமேல் நின்றன. எங்கு பார்த்தாலும் நாய்களும், தொப்பி போட்ட ஆட்களும், காப்பி ஆவியும். அட்டையில் பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "பதினாலாம் நம்பர், ஹேசல். சொந்தக்காரர் எல்ராய் ஹாக்டால். நீங்கதானா?"

"நான் தம்பி."

"அவர் வரலையா?"

"அவனால வர முடியலை," என்றார் வெர்னன்.

முறை வரும் வரை துணித் தடுப்புக்குப் பின்னால் நாயோடு நிற்க வேண்டும். முன்னால் போனவர்களின் துப்பாக்கிச் சத்தம் கேட்கக் கேட்க ஹேசல் சின்னதாக முனகியது. வெர்னனும் தனக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். தடுப்பைத் தாண்டி, நாயை அனுப்புகிற கோட்டுக்கு வந்ததும் நடுவர், காதோரம் நரைத்த ஒரு மனிதர், புன்னகைத்தார். "முதல் தடவையா?"

"ஆமா சார். எங்க ரெண்டு பேருக்கும்."

"அவசரம் இல்லை. பட்டையைப் பிடிச்சிக்கலாம். நான் நம்பர் சொன்னதும் அனுப்புங்க."

வாத்து போலக் குரல் கொடுக்கிற ஊதல் கேட்டது. வெடி வெடித்தது. இந்தத் தடவை வெர்னன் கண்ணை மூடவில்லை. எறிந்த பறவை எழுந்து வளைந்து புல்லுக்குள் விழுந்ததைப் பார்த்தார். அது விழுந்த இடத்திலேயே பார்வை நின்றுவிட்டது.

"பதினாலு," என்றார் நடுவர்.

வெர்னன் நின்றார். ஹேசல் பட்டையை இழுத்தது.

"பதினாலு. சார், நாயை அனுப்பலாம்."

அவருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை தெரியும். நாயின் பெயர்தான். வாயைத் திறந்தால் வேறு பெயர் வந்துவிடும் என்று தோன்றியது. நடுவர் அட்டையைத் தாழ்த்திக் காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஹேசல்," என்றார் கடைசியில்.

நாய் நேராகப் போகவில்லை. அவ்வளவு நேரம் நின்றதில் இடத்தை மறந்திருந்தது. புல்லுக்குள் வட்டமடித்துத் தேடி மோப்பம் பிடித்து எடுத்தது. திரும்பி ஓடிவந்தது. வழியில் ஒரு கணம் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தது. பிறகு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோய் வாங்கினார். இரண்டாவது பறவையையும் அப்படியே கொடுத்தது.

தண்ணீர்ச் சோதனை மதியத்துக்கு முன்னால். ஹேசல் நன்றாக நீந்தியது. வாத்தைக் கவ்விக்கொண்டு கரைக்கு வந்தது. வெர்னன் தண்ணீர் ஓரத்துக்குப் போகத்தான் நினைத்தார், ஆனால் கோட்டை விட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. இரண்டடி போய்த் தயங்கினார். அதற்குள் நாய் வாத்தைச் சேற்றில் வைத்துவிட்டு, தலையிலிருந்து வால்வரை உதறியது. உதறி முடித்ததும் வாத்தை மறந்து அவரிடம் வாலாட்டிக்கொண்டு வந்தது.

"எடு," என்றார். "ஹேசல், எடு."

எடுக்கவில்லை. மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். சேற்றில் கிடந்ததை மோந்து பார்த்துவிட்டு அவர் காலடியில் வந்து உட்கார்ந்தது.

நடுவர் அட்டையை மூடிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இந்தத் தடவை இல்லை சார். ஆனா நல்ல நாய். தரையில அருமையா பண்ணினா. சொந்தக்காரர் உங்க அண்ணனாமே? அவர்கிட்ட சொல்லுங்க, தண்ணில ஒரு மாசம் பழக்கினா போதும்."

"சொல்றேன்," என்றார் வெர்னன். நாயின் ஈரத் தலையில் கையை வைத்தபடி வண்டிக்கு நடந்தார். சாண்ட்விச்சில் ஒன்றைத் தின்றார். இன்னொன்றைத் தின்ன முடியாமல் ஹேசலுக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வாடகைக் கட்டிலை எடுத்துப் போயிருந்தார்கள். பெர்னீஸ் முன்னறையில் துணி தேய்க்கிற பலகையை விரித்து வைத்திருந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"தண்ணில கீழ போட்டுட்டா."

"தரையில?"

"ரெண்டையும் கையில கொடுத்தா."

பெர்னீஸ் தலையை ஆட்டினாள். இஸ்திரிப் பெட்டியை மறுபடி ஓட்டினாள். பலகையில் கறுப்பு கோட்டு சூட்டு கிடந்தது. வீட்டில் இருந்த ஒரே சூட்டு. ஊரில் சாவு என்றால் அண்ணன் தம்பியில் யார் போகிறாரோ அவர் போட்டுக்கொள்வார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. இரண்டு பேரும் ஒன்றாகப் போக வேண்டியிருந்தால் எல்ராய் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.

"அண்ணனுக்குப் போட்டுவிட இன்னைக்குள்ள கொடுத்து அனுப்பணுமாம்," என்றாள் பெர்னீஸ். "செவ்வாய்க்கிழமை நீ என்னத்தைப் போட்டுக்குவே?"

"ஏதாவது போட்டுக்கறேன். நீ தள்ளு, நான் பண்றேன்."

கால்சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முழங்காலுக்குக் கீழே காப்பிக்கொட்டை நிறத்தில் முடி அப்பியிருந்தது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் சேர்த்தார். வலது கால் முடிந்தது. இடது காலில் பாதி வந்ததும் கை நின்றது.

"இன்னும் இருக்கு பாரு," என்றாள் பெர்னீஸ்.

வெர்னன் கால்சட்டையை மடிப்புக் கலையாமல் மடித்து, கோட்டின்மேல் வைத்தார்.

"இருக்கட்டும்," என்றார்.