மண்டையில் ஏறிய ஈயம்

இரும்புக் கம்பியின் முதல் அடியில் ஜீப்பின் முன்கண்ணாடி பொரியாய் உதிர்ந்தது. இரண்டாவது அடி டிரைவர் மோகன்ராஜின் தோளில். "அம்மா!" என்று அவன் ஸ்டியரிங்கின் மேலேயே கவிழ, ஹாரன் விடாமல் அலறியது.

செங்கல்வராயன் அவனைச் சட்டையோடு இழுத்து ரோட்டோரம் போட்டான். ஹாரன் நின்றது. பிச்சாட்டூர் ஏரிக்கரை ரோட்டில் உச்சி வெயிலில் ஒரு ஈ, காக்கை இல்லை.

பின்சீட்டில் ரூபா. திருப்பதியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி. பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகளை உட்கார வைத்து, கட்டை அடுக்கச் சொல்லி, எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லி, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பாள். ஒரு பிள்ளையின் மூளையைக் கூர் தீட்டுவது எது, மழுங்க வைப்பது எது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அது தங்கவேலுவுக்கு ஆகவில்லை. ஊர்க்கோடியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் காய்ச்சும் ஷெட்டுக்கு அவன்தான் முதலாளி. செங்கல்வராயன் அவனுடைய அடியாள். "கம்ப்யூட்டரை ஒடை. அவ கையையும் ஒடை. மறுபடி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது." உத்தரவு அவ்வளவுதான்.

"எறங்கு."

"எறங்குறேன். அந்த அண்ணனுக்கு மொதல்ல தண்ணி குடுங்க."

"எறங்குடின்னா!"

லேப்டாப்பைப் பிடுங்கி மைல்கல்லில் ஓங்கி அறைந்தான். இரண்டாகப் பிளந்தது.

"எல்லாம் காலையிலயே திருப்பதிக்குப் போயாச்சி. வெறும் டப்பாவை ஒடைச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"  பயத்திலும் ரூபாவின் பேச்சு நின்றபாடில்லை, பிறந்து வளர்ந்தது பக்கத்து நகரியில்.

அவள் வலது கையை முறுக்கி பானெட்டின் மேல் வைத்து அழுத்தினான். கம்பியை ஓங்கினான்.

"நீங்க யஸ்வந்தோட நைனாதானே?"

கம்பி அந்தரத்தில் நின்றது.

"எம் பையன் பேரு ஒனக்கெப்டித் தெரியும்?"

"ஒங்க சம்சாரம் வரலட்சுமி அக்கா இட்டுக்கினு வந்தாங்க. ஒங்களுக்குத் தெரியாம. அதே மொகம் ஒங்களுக்கு. அவன் முதுகுல பெல்ட்டுத் தழும்பு பார்த்தேன்."

செங்கல்வராயனின் பிடி இறுகியது. யஸ்வந்த் ஒரே பிள்ளை. ஐந்து வயதில், போகிற லாரியின் நம்பரை ஒரே பார்வையில் மனப்பாடமாகச் சொன்னவன். இப்போது ஏழாகிறது, சொன்னது மறுநிமிஷம் நினைவில்லை. மிஸ் கூப்பிட்டு "சதுவு ராது", படிப்பு வராது என்று கையை விரித்துவிட்டாள். எம் வம்சத்துல மக்கு ஏது என்று செங்கல்வராயன் பெல்ட்டை உருவினான். அடித்தால் ஏறும் என்று நம்பினான்.

"பொறவி மக்கு இல்லண்ணா அவன். இந்த ஊர்லயே அதிகமா ஈயம் அவன் ரத்தத்துலதான் இருக்குது. ஷெட்டுல வேலை செய்றவங்க பிள்ளைங்களைவிட அதிகம்."

"பொய்! ஷெட்டுப் பக்கமே அவனை வுட்டதில்ல. நானே அங்க குளிச்சி, துணி மாத்திக்கினுதான் ஊட்டுக்குப் போவேன்."

"அப்போ ஒங்க ஊட்டுக்குள்ளதான் ஏதோ இருக்குது. அவன் மூளையைத் துன்னுக்கினு இருக்குது."

செங்கல்வராயன் கம்பியை வெறித்தான். பிறகு முனகிக்கொண்டிருந்த மோகன்ராஜை அள்ளிப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் ஏறினான்.

"வா, காட்டு. இல்லேன்னா எம் வாசல்லயே ஒன் கையை ஒடைப்பேன்."

கண்ணாடி இல்லாத ஜீப் வாசலில் வந்து நின்றதும் வரலட்சுமி வாயில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, யார் குடியைக் கெடுத்துட்டு வந்த?"

ரூபா பையிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சிகளை எடுத்தாள். ஈயம் பட்டால் பஞ்சு சிவக்கும். சுவரில் தேய்த்தாள், வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் டப்பா, தண்ணீர்க் குழாய், பையனின் பொம்மைக் கார், எதிலும் ஒன்றுமில்லை. செங்கல்வராயன் கம்பியை மறுபடி கையில் எடுத்தான்.

அடுப்பில் ஈயச் சொம்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. ரூபா அதைக் கவிழ்க்கச் சொன்னாள். உள்பக்கம் தேய்த்தாள். பஞ்சு வெற்றிலை எச்சிலாய்ச் சிவந்தது.

"ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயத்துல இருக்கணும்க்கா. இது பேட்டரிக் காரீயம். புளித்தண்ணி கொதிச்சா கரைஞ்சி எறங்கும். சின்னப் பிள்ளை மூளைக்கு அது வெஷம்."

"அவனுக்கு மூணு வேளையும் ரசஞ்சோறுதானே!" வரலட்சுமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருஷம் முன்ன புதுமனைக்குத் தங்கவேலு அண்ணன் சீர் வெச்சது. பெரிய மனுஷங்க ஊட்டு ரசம் மாதிரி மணக்கும்னாரே..."

செங்கல்வராயன் ஈயத்தோடு பழகினவன்தான். ஆனால் ஈயச் சொம்பு என்றால் அப்படித்தான் கனக்கும் என்று இருந்துவிட்டான். முதலாளி கையால் வாங்கிய சீரை யார் சுரண்டிப் பார்ப்பார்கள்?

சொம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஷெட்டில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. தங்கவேலு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். "இன்னாடா, கையா காலா?"

சொம்பு அவன் மடியில் விழுந்தது. "இதை எங்க வாங்குனண்ணா?"

"சீர் வெச்சதுக்கு பில்லா கேக்குற? நம்ம கொப்பரையில ஊத்துனதுதான். கும்பகோணத்து வெள்ளீயச் சொம்பு எனக்கு. ஒனக்கு இது போதாது?"

"எம் பையன் அதுலதான் துன்றான்."

"துன்னட்டுமே. படிச்சிக் கலெக்டரா ஆவப் போறான்? நாளைக்கி எங்கிட்ட கம்பி தூக்கப் போறவன். அதுக்கு மூளை இன்னாத்துக்குடா?"

நாற்காலியோடு சேர்த்து எட்டி உதைத்தான். தங்கவேலுவின் பின்மண்டை தரையில் மோதியது. சட்டைக் காலரைப் பிடித்துக் கொப்பரைக்கு இழுத்தான். வேலையாள் ஒருவன் மண்வெட்டியால் முதுகில் போட்டான். செங்கல்வராயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உருகிய ஈயத்துக்கு மேல் தங்கவேலுவின் முகத்தை அமுக்கினான். மீசை கருகியது.

"குடிண்ணா. ரசம் நல்லா மணக்குது பாரு. குடி!"

இரண்டாவது மண்வெட்டி விலாவில் இறங்கியது. செங்கல்வராயன் சரிந்தபோது இடிபட்டுக் கொப்பரையும் சரிந்தது. வெள்ளிக் குழம்பாக ஓடிய ஈயம் தங்கவேலுவின் இரண்டு கால்களையும் நனைத்தது. அந்த அலறல் ஏரிக்கு அந்தக் கரையிலும் கேட்டதாக ஊர் பிறகு பேசிக்கொண்டது. செங்கல்வராயனின் இடது கையிலும் தெறித்து, தோல் உரிந்தது. அந்தக் கையோடுதான் மகனை அள்ளிப் போட்டுக்கொண்டு, ரூபா ஜீப்பை ஓட்ட, திருப்பதிக்குப் போனான்.

பெரியாஸ்பத்திரி வார்டில் யஸ்வந்துக்கு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. பக்கத்து வார்டில் மோகன்ராஜுக்குத் தோளில் மாவுக்கட்டு. செங்கல்வராயனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போக வந்த கான்ஸ்டபிள் வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். போனதெல்லாம் திரும்பி வருமா என்று செங்கல்வராயன் கேட்டதற்கு டாக்டர் பிடி கொடுக்கவில்லை. ரூபாதான் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"யஸ்வந்த், நான் சொல்றதைத் தலைகீழாச் சொல்லு. மூணு, எட்டு."

"எட்டு, மூணு."

"அஞ்சு, ரெண்டு, ஒம்போது."

பையனின் உதடு அசைந்தது. நெற்றி சுருங்கியது. "ஒம்போது... ரெண்டு... அஞ்சு!"

"சபாஷ்டா!" என்று செங்கல்வராயன் பாய்ந்து எழுந்தான். தலையைத் தடவிக் கொடுக்கக் கட்டுப்போட்ட கையைத் தூக்கினான்.

யஸ்வந்த் இரண்டு கையாலும் மண்டையை மூடிக்கொண்டு சுவரோரம் சுருண்டான். ஊசிக் குழாய் இழுபட்டு ரத்தம் ஏறியது. "அடிக்காத நைனா, படிக்கிறேன், படிக்கிறேன்..."

ரூபா அடுத்த எண்ணைச் சொன்னாள். பையன் வாய் திறக்கவில்லை. இரண்டே எண்ணாகக் குறைத்தாள். அதற்கும் மண்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

செங்கல்வராயன் தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

"பதண்டி, போலாம்," என்றார் கான்ஸ்டபிள்.

"ஒரு நிமிஷம் சார்."

கதவில் காதை வைத்தான். மூணு, எட்டு என்று ரூபா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு மெல்ல, ஒவ்வொன்றாக, உள்ளே பையன் எண்களைச் சொல்லத் தொடங்கினான்.