கை நுழையாத வளையங்கள்

அச்சு மெஷின்காரன் பாட்டிலை மாற்றிப் பார்த்தான். ரப்பர்க் காம்பை மாற்றிப் பார்த்தான். பாலைக் கொஞ்சம் சூடாக, கொஞ்சம் ஆறவைத்து, நின்றுகொண்டு, நடந்துகொண்டு, பாடிக்கொண்டு என்று எல்லா விதத்திலும் கொடுத்துப் பார்த்தான். கடைசியில் வெட்கத்தை விட்டு, மனைவியின் நைட்டியைத் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். மகள் நைட்டியை ஒரு தடவை மோந்து பார்த்தாள். போலி டாக்டரைப் பார்ப்பதுபோல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் வீடு இரண்டுபட அழுதாள்.

திங்கட்கிழமை மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. ஆறு மாதம் பொறுத்த முதலாளி ஏழாவது மாதம் பொறுக்க மாட்டார். அவனுக்கு அச்சகத்தில் இரவு ஷிஃப்ட். பகலில் குழந்தை அவன் பொறுப்பு என்று இரண்டு பேரும் பேசி முடித்தாயிற்று. குழந்தையிடம்தான் யாரும் பேசவில்லை. அவன் கையால் ஒரு சொட்டுப் பால் இறங்கினால்தானே?

சனிக்கிழமை காலையில்தான் அது அவன் கண்ணில் பட்டது. மனைவி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கை சும்மா இல்லை. அம்மாவின் மணிக்கட்டில் கிடந்த கண்ணாடி வளையலை மேலே தள்ளியது, விட்டது, மறுபடி தள்ளியது. வளையல் நகர்ந்தால் வாயும் நகர்ந்தது. வளையல் நின்றால் வாயும் நின்றது.

"அசையாதே!" என்றான்.

"என்ன, பல்லியா?"

"அந்த வளையலைக் கழட்டு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினாள். சின்னக் கை வெறும் மணிக்கட்டைத் துழாவியது. குழந்தை பாலை விட்டுவிட்டுச் சிணுங்கியது.

"பாத்தியா! அவளுக்கு வேண்டியது பால் இல்ல, வளையல்!"

"ஆமாமா. ஆறு மாசமா வளையலைக் குடிச்சுத்தான் இவ்வளவு கனம் ஆயிருக்கா. வேணும்னா இதையே எடுத்துக்கங்களேன்."

"கண்ணாடிம்மா. பல்லு வேற வருது, கடிச்சா? நான் மரத்துல பண்றேன்."

"நீங்க? மரத்துல?" அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை மடியில் குலுங்கியது.

அதற்குள் அவன் பாதிப் படி இறங்கியிருந்தான். கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியனைத் தெருவே வோல்ட்டு என்றுதான் கூப்பிடும். கூரையில் விளக்கு பதிக்க ஓட்டை போடும் வட்ட வாள் அவரிடம் பல அளவில் இருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் பல் முளைத்ததுபோல் இருக்கும். நடுவில் ஒரு துளையூசி. ட்ரில்லில் மாட்டிச் சுற்றினால் வட்டமாக அறுக்கும்.

"விரலை எண்ணிக் கொண்டுபோ தம்பி. திருப்பித் தரும்போதும் எண்ணுவேன்" என்றார் வோல்ட்டு.

மரத்துக்கு எங்கே போவது? உடைந்த நாற்காலியில் பெயின்ட், அலமாரிப் பலகையில் பசை நாற்றம். அவன் கண் சமையலறையைச் சுற்றி வந்து காய் நறுக்கும் பலகையில் நின்றது. போன மாதம்தான் வாங்கியது. தடித்த மரம், பெயின்ட் இல்லை, வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. மனைவி குளிக்கப் போயிருந்தாள். யோசிக்க இடம் கொடுத்தால் பயம் வந்துவிடும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

மனைவியின் வளையலைப் பலகையில் வைத்து உட்புறம் கோடு இழுத்தான். அந்த அளவு வாளால் முதலில் உள்வட்டத்தை அறுத்தான். வில்லை அழகாகக் கழன்று விழுந்தது. பெரிய வாளை எடுத்துப் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது: துளையூசி குத்தி நிற்க நடுவில் மரமே இல்லை. வாள் பிடிமானம் இல்லாமல் பலகையெங்கும் துள்ளி ஓடியது.

சத்தம் கேட்டு வோல்ட்டு மேலே வந்தார். பலகையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"என்னப்பா, எலி கடிச்சுதா?"

"அண்ணே, கிண்டல் அப்புறம்."

"வெளிவட்டத்தை முதல்ல பாதி ஆழம் இறக்கு. அப்புறம் உள்வட்டத்தை முழுசா எடு. மிச்சத்துக்குப் பெரிய வாள் அந்தப் பள்ளத்தையே பிடிச்சுக்கிட்டுப் போகும். இதுக்கு எதுக்குய்யா மல்லுக்கட்டு?"

மூன்று வளையங்கள் வந்தன. குளித்துவிட்டு வந்த மனைவி பலகையைத் தூக்கி ஓட்டை வழியாக அவனைப் பார்த்தாள்.

"இனிமே வெங்காயம் நறுக்கினா நேரா குப்பைக்கூடையில விழும், அப்படித்தானே?"

அவன் வளையத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றைப் பிடுங்கி விளிம்பைத் தன் உதட்டில் வைத்து உருட்டினாள். "இங்க இன்னும் குத்துது" என்று அவளே தேய்க்க உட்கார்ந்தாள். லென்ஸ் தேய்த்த கை. அவன் ஒன்று முடிப்பதற்குள் அவள் இரண்டை முடித்துவிட்டாள். சமையல் எண்ணெய் பூசியதும் மரம் தேன் நிறத்துக்கு வந்தது.

"போட்டுக்கங்க மாப்பிள்ளை" என்றாள்.

விரல்கள் நுழைந்தன. கட்டைவிரல் மடங்கியது. அதற்கு மேல் வளையம் ஒரு நூல்கூட நகரவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் முதலில் வாயைப் பொத்தினாள். அப்புறம் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள்.

"என் கைக்கு அளவெடுத்து உங்க கையில போட்டா? சோப்பு வேணுமா?"

அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. மறுபடி அறுக்கப் பலகையில் இடம் இல்லை. பால் நேரம் வேறு நெருங்கிவிட்டது. அறைக்குள் குழந்தை விழித்து உறுமத் தொடங்கியிருந்தது. அவன் அங்குமிங்கும் பார்த்தான். வாசலில் கிடந்த ஷூவிலிருந்து கயிற்றை உருவப் போனான்.

"சீ! இது அவ வாயில போறது!" அவள் பீரோவிலிருந்து புதுப் பருத்தி நாடாவை எடுத்து வளையங்களில் கோத்தாள். தொங்கல் இல்லாமல் அவன் மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். கையை ஆட்டினான். டொக், டொக் என்றது.

"நீ வெளிய போ. உன் வாசனை இருந்தா என்னைச் சீண்டவே மாட்டா."

"போறேன், போறேன். துரத்தாதீங்க." செருப்பைப் போட்டாள். வாசலில் நின்றாள். "முடியலேன்னா கூப்பிடுங்க."

"போம்மா!"

கதவு மூடியது. அவன் குழந்தையை மடியில் கிடத்திப் பாட்டிலை நீட்டினான். வழக்கம்போல் முகம் திரும்பியது, உதடு பிதுங்கியது. அவன் வளையக் கையைக் கிட்டே கொண்டுபோனான். சின்ன விரல்கள் மரத்தைத் தொட்டன, தயங்கின, தள்ளின. டொக். இன்னொரு தடவை. டொக். நடுவில் ஒரு வளையத்தை இழுத்து ஈறால் கடித்து ருசி பார்த்தாள். அந்த வாய் திறந்திருந்தபோது அவன் காம்பை மெல்ல நுழைத்தான். இதயம் அச்சு மெஷின்போல் அடித்துக்கொண்டது. ஒரு சப்பல். ஒரு நிறுத்தம். டொக். அப்புறம் மளமளவென்று பால் இறங்கத் தொடங்கியது.

பாதிப் பாட்டில் போயிருக்கும். கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. பொறுக்கமாட்டாமல் வந்து நின்ற மனைவியைக் குழந்தை பார்த்துவிட்டது. வாய் நின்றது. வளையத்தில் கை நின்றது. அவன் மூச்சு விடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு.

குழந்தை அம்மாவைப் பார்த்தபடியே வளையத்தைத் தள்ளியது. டொக். குடித்தது.

"அடிப்பாவி" என்றாள் மனைவி, மெதுவாக. "மூணு மரத்துண்டுக்கு என்னை வித்துட்டியேடி."

அவன் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினான். அவள் சிரிக்கவில்லை. கதவுப் பிடியைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. இவ குடிக்கலேன்னா வேலைக்குப் போக வேண்டாமேன்னு ஒரு மூலையில நெனச்சிட்டிருந்தேன். உங்ககிட்ட சொல்லல."

எழுந்து போகலாம் என்றால் குழந்தை வளையத்தை விடவில்லை.

"திங்கக்கிழமை வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்றான்.

"பேசாதீங்க, பால் சிந்துது" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உள்ளே வரவும் இல்லை, செருப்பைக் கழற்றவும் இல்லை. "அடுத்த வேளைக்கும் நான் வெளிய இருக்கேன். இந்தத் தடவை கொஞ்சம் தூரமாப் போய்ப் பாக்கறேன். கண்ணாடிக் கடை வரைக்கும்."