தொண்ணூற்று நான்கு சதவீதம் இயந்திரம்

எங்கள் இயக்குநருக்கு இந்த உலகமே பொய் என்று ஒரு நம்பிக்கை. மதியச் சாப்பாடு ஆறிப்போய் வந்தால் மட்டும், அந்தப் பொய்ச் சாப்பாட்டுக்காக நிஜமாகவே கத்துவார்.

அவர் எடுத்த படத்துக்கு நான் எடிட்டர். கதை இதுதான்: ஓர் ஊரில் எல்லோரும் தங்களை மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் இயந்திரங்கள். யார் எது என்று அவர்களுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வரும் அதிகாரியும் ஓர் இயந்திரம். படம் முழுக்க ஒன்பது இடங்களில் யாராவது கண்ணாடியைப் பார்த்து "நான் நிஜமா?" என்று கேட்கிறார்கள். முதலில் பதினான்கு இடங்கள் இருந்தன. ஐந்தைக் குறைத்தது நான்தான். இதுவரை ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

இந்தப் படத்தில் என் மச்சினனுக்கு ஒரு காட்சி உண்டு. என் மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருடமாக நடிகன். கதாநாயகர்களின் பின்னால் நடந்திருக்கிறான், பேருந்தில் ஜன்னல் ஓரமாகத் தூங்கியிருக்கிறான், மூன்று படங்களில் துணி போர்த்திய பிணமாகப் படுத்திருக்கிறான். முகம் தெரிந்து வாயைத் திறந்து பேசுவது இதுதான் முதல் தடவை, இரண்டு நிமிடம். அந்த வாய்ப்பை நான் வாங்கிக் கொடுத்ததாக என் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் அவனே நடிகர் தேர்வுக்குப் போய், மூன்று மணி நேரம் வரிசையில் நின்று வாங்கியது. அவள் நினைப்பதை நான் மறுக்கவில்லை. வீட்டில் நல்ல பெயர் எடுக்கக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் குறைவு.

"அவன் சீன்ல மட்டும் கண்டபடி கைவெச்சீங்க, அப்புறம் தெரியும் சேதி" என்றாள் அவள்.

"கைவெக்கறதுதான்டி என் தொழிலு."

"சரி, அழகா காட்டுங்க. ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்."

அழகாகக் காட்டினேன். கதாநாயகன் காட்சிகளை அரைநாளில் ஒட்டித் தள்ளிய நான், மச்சினனின் இரண்டு நிமிடத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்தேன். காட்சியில் அந்த இயந்திர அதிகாரி, "நீ மனுஷன்னு நிரூபி" என்று கேட்கும். இவன் முதல் மழையின் மணம், கைநழுவிய பட்டம், அம்மாவின் மடிச்சூடு என்று ஆறு வரி பேச வேண்டும். எழுதும்போது இயக்குநர் அழுதாராம். படிக்கும்போது எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்காக.

மூன்று டேக் எடுத்திருந்தார்கள். முதல் டேக்கில் குரல் நன்றாக இருந்தது, ஆனால் பாவி கேமராவையே பார்த்துத் தொலைத்திருந்தான். மூன்றாவதில் முகம் நன்றாக இருந்தது, ஜெனரேட்டர் இரைச்சல் குரலை விழுங்கிவிட்டது. இரண்டாவதில் வசனம் மறந்து மரம் மாதிரி நின்றான். ஐந்து விநாடி பார்த்துவிட்டு அதன் மேல் 'வேஸ்ட்' என்று சிவப்புக் குறி போட்டேன். மூன்றாவதின் முகத்தில் முதலாவதின் குரலை ஒட்டினேன். கண் சிமிட்டுகிற இடங்களை எல்லாம் எடுத்தேன். எச்சில் விழுங்குவது, மூச்சு வாங்குவது, வார்த்தைக்கு நடுவே வரும் 'ம்' என எல்லாவற்றையும் துடைத்தேன். முடித்துப் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தான்.

படத்தை வாங்க வந்த நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது. மனித வேடங்களில் எல்லாம் மனிதர்களே நடித்திருக்கிறார்கள் என்று படத்தின் தொடக்கத்தில் ஓர் அட்டை வரும். அதற்காக அவர்களிடம் இருக்கும் ஒரு மென்பொருள் ஒவ்வொரு முகத்தையும் சோதிக்கும். இயந்திரச் சாயல் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் காட்சியைத் தூக்கிவிட வேண்டும். இயந்திரங்களைப் பற்றிய படத்தில் இயந்திரம் இல்லை என்று ஓர் இயந்திரம் சான்றிதழ் தரும். இதைவிடப் பெரிய நகைச்சுவைக் காட்சி எங்கள் படத்தில் கிடையாது.

அறிக்கை வந்தது. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய அந்த அதிகாரியின் முகம் மூன்று சதவீதம்தான் இயந்திரம். என் மச்சினன் தொண்ணூற்று நான்கு.

தயாரிப்பாளர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ரெண்டு நிமிஷம் போனா குடியா முழுகிடப் போகுது? தூக்கிடுங்க" என்றார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும். நான் இயக்குநரிடம் ஓடினேன்.

"அவன் மனுஷனா மெஷினாங்கறதே முக்கியமில்ல. அதைத்தானே நம்ம படம் சொல்லுது" என்றார் அவர், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி.

"அப்ப இருக்கட்டும் சார்."

"இல்ல, தூக்கிடு. ரிப்போர்ட்லயே போட்டிருக்கானே."

உலகமே பொய், அறிக்கை மட்டும் மெய்.

என் அறைக்கு வந்து அறிக்கையின் காரணப் பகுதியைப் படித்தேன். இமைத்தல் இல்லை. மூச்சு இல்லை. உதடும் குரலும் வெவ்வேறு நேரத்தைச் சேர்ந்தவை. அத்தனையும் என் கைவண்ணம். அந்த அதிகாரி முகத்துக்கு இமைப்பும் வியர்வையும் தொண்டை அசைவும் சேர்க்க மூன்று மாதம் ஓர் ஆள் உட்கார்ந்து உழைத்திருந்தான். இயந்திரத்துக்கு வேர்க்கவைக்க ஒருவன், மனிதனுக்கு வேர்வையைத் துடைக்க நான். பிடிக்காத கதாநாயகனைக் கண்டுகொள்ளாமல் விட்டேன், அவன் பிழைத்தான். பிரியப்பட்டுத் தொட்ட ஒரே ஆளைக் கொன்றேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். "சித்தி வீட்டுலேருந்து எல்லாரும் முதல் நாளே வர்றாங்க. அவன் எப்படி வந்திருக்கான்?"

"பிரமாதம்" என்றேன்.

ஒட்டு வேலை இல்லாமல் முதல் டேக்கும் நிற்காது, மூன்றாவதும் நிற்காது. மிச்சம் இருந்தது சிவப்புக் குறி போட்ட இரண்டாவதுதான். முதல் தடவையாக அதை முழுதாக ஓட விட்டேன்.

"நீ மனுஷன்னு நிரூபி" என்று யாரோ ஓரமாக நின்று படிக்கிற குரல். மச்சினன் நிற்கிறான். வசனம் போயே போய்விட்டது. பத்து விநாடி, பதினைந்து விநாடி. எச்சில் விழுங்குகிறான். மூக்கை உறிஞ்சுகிறான். கண் பத்து தடவை சிமிட்டுகிறது. பிறகு மெதுவாகப் பேசுகிறான்.

"நிரூபிக்க முடியாதுங்க. பன்னெண்டு வருஷமா எங்க வீட்லயே நிரூபிக்கப் பார்த்துட்டிருக்கேன். எங்க மாமாவும் இதே தொழில்லதான் இருக்காரு. இவன் என்ன பண்றான்னு யாராவது கேட்டா, சும்மாதான் இருக்கான்னு சொல்லுவாரு. நான் பக்கத்துலயேதான் நின்னுட்டிருப்பேன்."

"கட், கட். வசனத்தைப் படிச்சுட்டு வாய்யா" என்று இயக்குநரின் குரல். அவ்வளவுதான்.

சொன்னதுண்டு. மருத்துவமனை வரவேற்பில் சொன்னேன், பிள்ளையின் பள்ளி வாசலில் சொன்னேன், இன்னும் எங்கெங்கோ. கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டுதான் நிற்பான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு மனசாட்சி உறுத்தி நேரே நல்ல காரியம் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். நான் செய்தது வேறு. மாமா வருகிற இடத்தை நைசாக வெட்டினேன். 'பார்த்துட்டிருக்கேன்' என்பதோடு நிறுத்தி, காட்சி சட்டென்று முடியாமல் இருக்க முன்னால் அவன் பேசாமல் நின்ற முகத்தைக் கடைசியில் ஒட்டி, அந்த நிறுவனத்தின் மென்பொருளில் இணையம் வழியாகப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு சதவீதம் இயந்திரம் என்றது. ஒட்டிய இடத்தில் முகம் குதிக்கிறதாம். எப்படி ஒட்டினாலும் கண்டுபிடித்தது. கடைசியில் அலுத்துப்போய் ஒரு வெட்டும் இல்லாமல் முழுசாகப் போட்டேன். ஒரு சதவீதம்.

இயக்குநரை அழைத்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது நான் எழுதினதுதானே?" என்றார்.

"ஆமா சார்."

"எனக்கே மறந்துபோச்சு பாரேன்."

வெள்ளிக்கிழமை காலை, படத்தை அனுப்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், மச்சினன் போன் செய்தான். காட்சி போகப்போகிறது என்று யாரோ அவனிடம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"மாமா, என் சீன் இருக்கா?"

"இருக்கு."

"எந்த டேக்கு?"

"ரெண்டாவது. முழுசா."

"அதுல வசனம் மறந்து எதையோ உளறிட்டேன் மாமா. எப்படியும் நீங்க எடுத்துடுவீங்கன்னு இருந்துட்டேன். அதுல உங்களைப் பத்தி..."

"கேட்டேன்."

"அக்கா உங்க பக்கத்துல உக்காந்துதானே பார்ப்பா. சித்தி வீட்டு ஆளுங்க வேற வர்றாங்க." என்றான். "வேணாம் மாமா. பேசாம என் சீனைத் தூக்கிடுங்க. எனக்கு வேற படம் வரும்."

வராது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பன்னிரண்டு வருடம் காத்துக் கிடந்து கிடைத்த இரண்டு நிமிடத்தை, என் மானத்தைக் காப்பாற்ற, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டுகிறான்.

"தூக்க மாட்டேன்டா" என்றேன். "அக்கா கேக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும்."

"மாமா..."

"நடிகனுக்கு எந்த டேக்குன்னு சொல்ற உரிமை கிடையாது. போனை வை, வேலை இருக்கு."

அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. படத்தை அனுப்பும் பொத்தானை அப்படியே ஒரு கையால் அழுத்தினேன்.